ஏபிஏ-ல இருந்து வான்கூவருக்கு: ஒரு டெங்கு பேப்பரோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல என்ன நடந்துச்சு

பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல பிஎச்டி பண்ற தம்பி ஒருத்தரோட மேனுஸ்கிரிப்ட் ஜர்னல் ஆஃபீஸ்ல இருந்தே திரும்பி வந்துச்சு. பேப்பரை மதிப்பிடுற ரிவ்யூவர் கைக்கு போகவே இல்ல. எடிட்டர் படிச்சுட்டு வேணாம்னு சொன்னா அது வேற, இது அதுக்கு முன்னாடி நடக்குற டெக்னிக்கல் செக்லயே நின்னு போச்சு. மெயில்ல ரெண்டே காரணம் போட்டிருந்தாங்க: ரெஃபரன்ஸ் அந்த ஜர்னல் கேக்குற ஸ்டைல்ல இல்ல, டெக்ஸ்ட்ல இருக்குற நம்பரும் கடைசி லிஸ்ட்ல இருக்குற நம்பரும் பொருந்தல. ரெண்டு வருஷ ஃபீல்டு வொர்க், அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்டா ஏறி இறங்கி சம்ப், ஓவர்ஹெட் டேங்க், மொட்டை மாடியில கிடக்குற பழைய பெயிண்ட் டப்பா எல்லாத்துலயும் டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவோட புழு இருக்கானு பார்த்து எழுதின பேப்பர், அது இப்படி ஒரு காரணத்துக்கு நிக்குதுன்னா யாருக்கும் வயிறு எரியும்.

நான் இந்த மாதிரி மேனுஸ்கிரிப்ட்டை சப்மிட் பண்றதுக்கு முன்னாடி சரிபார்த்துக் கொடுக்குற வேலையில இருக்கேன், மல்லேஸ்வரத்துல. தம்பியும் அவரோட கைடு மேடமும் ஒத்துக்கிட்டதால இதை எழுதுறேன், ஆனா நிறுவனம், ஜர்னல், ஆள் பேரு எதுவும் சொல்ல மாட்டேன். மருத்துவம், உயிரியல் பக்கம் பேப்பர் எழுதுற நம்ம பசங்க நிறைய பேர் இதே குழியில விழுறாங்க, அதனால எது எப்படி உடைஞ்சுதுன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

முதல்ல பின்னணி. பேப்பருக்கு மூணு ஆத்தர். தம்பி, ஜோட்டெரோங்குற ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேரோட ப்ளக்-இன்னை வேர்டுல வெச்சு எழுதுறவரு. அதே லேப்ல பிஎச்டி முடிச்சு போஸ்ட்டாக் பண்ற ஒரு அக்கா மெண்டலி, அதுவும் அதே மாதிரி சாஃப்ட்வேர்தான். கைடு மேடம் பழைய ஆளு, ட்ராக் சேஞ்சஸ் போட்டு, சேர்க்க வேண்டிய ரெஃபரன்ஸை கையாலயே அடிச்சிடுவாங்க. பேப்பர் முதல்ல ரெஃபரன்ஸை ஏபிஏ ஸ்டைல்ல கேக்குற ஒரு ஜர்னலுக்கு போச்சு, அவங்க எங்க ஸ்கோப் இல்லன்னு திருப்பிட்டாங்க. ரெண்டாவது ஜர்னல் வான்கூவர் ஸ்டைல். இங்கதான் ஆரம்பம்.

ஏபிஏ-ல டெக்ஸ்டுக்குள்ள ஆத்தர் பேரும் வருஷமும் வரும், கடைசி லிஸ்ட் அகர வரிசையில இருக்கும். வான்கூவர்ல டெக்ஸ்டுக்குள்ள வெறும் நம்பர், லிஸ்ட் எந்த பேப்பரை முதல்ல சொன்னோமோ அந்த வரிசையில. 1978-ல கனடாவுல வான்கூவர் நகரத்துல சில மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் ஒண்ணா உக்காந்து, எல்லா ஜர்னலுக்கும் பொதுவா ஒரு ஃபார்மட் இருக்கட்டும்னு பேசினதுல இருந்து வந்த பேரு அது, அந்தக் குழுதான் பின்னாடி ஐசிஎம்ஜேஇ, அதாவது மருத்துவ ஜர்னல் எடிட்டர்களோட சர்வதேசக் குழு, ஆச்சு. வித்தியாசம் கண்ணால பார்த்தா சீக்கிரம் புரியும். ஜி.என்.ராமச்சந்திரன் மெட்ராஸ் யூனிவர்சிட்டியில இருந்தப்ப எழுதின 1963 பேப்பரை எடுத்துக்கோங்க, புரோட்டீன் படிக்கிற யாருக்கும் தெரிஞ்சது. ஏபிஏ-ல ஆத்தர் பகுதி இப்படி வரும்: ராமச்சந்திரன், ஜி. என்., ராமகிருஷ்ணன், சி., & சசிசேகரன், வி. (1963). அப்புறம் தலைப்பு, அப்புறம் ஜர்னல் பேரு முழுசா சாய்வெழுத்துல, வால்யூம் 7, பக்கம் 95–99, கடைசியில டிஓஐ லிங்க், அது ஒவ்வொரு பேப்பருக்கும் இருக்குற தனி அடையாள எண். வான்கூவர்ல அதே ஆளுங்க: ராமச்சந்திரன் ஜிஎன், ராமகிருஷ்ணன் சி, சசிசேகரன் வி. இனிஷியலுக்கு வர்ற புள்ளி, பேருக்கும் இனிஷியலுக்கும் நடுவுல வர்ற கமா, அண்ட் குறி எல்லாம் கழண்டு போச்சு. ஜர்னல் பேரு சுருங்கி ஜே மோல் பயோல் ஆயிடும், வருஷம் ஆத்தர் பக்கத்துல இருந்து கிளம்பி ஜர்னலுக்குப் பின்னாடி போயிடும், 1963;7:95-9 அப்படின்னு. பக்கத்துல கூட ரெண்டாவது 9-ஐ திரும்ப எழுத மாட்டாங்க. இதெல்லாம் 80க்கு மேல இருக்குற ரெஃபரன்ஸுக்கு கையால மாத்தணும்னா ஒரு மனுஷனால பிழை இல்லாம முடியவே முடியாது, அதுக்குத்தான் சாஃப்ட்வேர்.

தம்பி செஞ்சது என்னன்னா, ஜோட்டெரோல டாக்குமெண்ட் ப்ரிஃபரன்சஸ் போய் ஸ்டைலை வான்கூவருக்கு மாத்தினாரு. டெக்ஸ்டுக்குள்ள அவர் போட்ட சைட்டேஷன் (ரெஃபரன்ஸைக் காட்டுற குறிப்பு) எல்லாம் ஒரே நொடியில நம்பரா மாறிடுச்சு. ஆனா மெண்டலில போட்டது அப்படியே பேரும் வருஷமுமா நின்னுச்சு, மேடம் கையால அடிச்சதும் அப்படியே. சப்மிட் பண்ற அவசரம் வேற. அதனால மிச்சம் நின்னதுக்கெல்லாம் லிஸ்ட்டைப் பார்த்துப் பார்த்து அவரே நம்பர் அடிச்சிட்டாரு, லிஸ்ட்லயும் நடுவுல நடுவுல வரி சேர்த்தாரு. அன்னைக்கு ராத்திரி பார்க்க எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும். மறுநாள் மேடம் இன்ட்ரொடக்ஷன்ல ஒரு பாராவை மேல தூக்கி வெச்சாங்க, ஜோட்டெரோ ரிஃப்ரெஷ் ஆச்சு, ஜோட்டெரோவோட இணைஞ்சு உயிரோட இருந்த நம்பர் எல்லாம் நகர்ந்துச்சு, கையால அடிச்ச நம்பர் நின்ன இடத்துலயே நின்னுச்சு, லிஸ்ட்டுக்குள்ள அவர் சேர்த்த வரி எல்லாம் காணாம போச்சு. அந்த ஃபைல்தான் ஜர்னலுக்குப் போனது.

ஃபைல் என் கைக்கு வந்ததும் நான் பண்ற முதல் வேலை, எது உயிரோட இருக்கு எது வெறும் எழுத்துன்னு பிரிக்கிறது. வேர்டுல ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு உள்ள போனா ஃபீல்டு ஷேடிங்னு ஒண்ணு இருக்கும், அதை எப்பவும்னு வெச்சுட்டா ஜோட்டெரோ போட்ட நம்பர் எல்லாம் சாம்பல் கலர் பின்னணியோட தெரியும், கையால அடிச்சது வெள்ளையாவே இருக்கும். தம்பி பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு இருந்தாரு. டிஸ்கஷன் பகுதிக்கு வந்ததும் ஒரு முழுப் பக்கம் சாம்பலே இல்லாம இருந்துச்சு. “அக்கா, இது பூரா நான் அடிச்சதுக்கா”ன்னாரு. அந்த ஒரு பக்கத்துலதான் ஜர்னல்காரங்க சொன்ன பொருந்தாத நம்பர்ல முக்காவாசி இருந்துச்சு.

ஸ்டைல் மாத்துறப்ப வாக்கியமே உடையுற இடம் ஒண்ணும் இருக்கு, அதை சாஃப்ட்வேர் சரி பண்ணாது. ஏபிஏ-ல எழுதுறப்ப இன்னார் குழு (2019) சொன்னபடின்னு பேரை வாக்கியத்துக்குள்ள கொண்டு வருவோம். பேரை நாமளே டைப் பண்ணி, சைட்டேஷன்ல ஆத்தர் பேரை மறைக்கிற ஆப்ஷனை டிக் பண்ணி வருஷத்தை மட்டும் வரவெச்சிருந்தா, நம்பருக்கு மாத்துனாலும் வாக்கியம் பொழச்சுக்கும். அப்படிப் பண்ணாம முழு சைட்டேஷனையும் வாக்கியத்தோட எழுவாயா வெச்சிருந்தா, வான்கூவருக்கு வந்ததும் ‘14 சொன்னபடி’ன்னு நிக்கும். இந்த மேனுஸ்கிரிப்ட்ல அப்படி அங்கங்க நின்னுச்சு. அதை ஒவ்வொண்ணா படிச்சு பேரை எழுதித்தான் சரி பண்ணணும், வேற வழி கிடையாது.

இப்ப பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கல். 2014 நவம்பர் 1-ல இருந்து ஊரோட ஆங்கிலப் பேரு பெங்களூருன்னு அதிகாரப்பூர்வமா மாறிச்சு இல்லையா, பேப்பர் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும்னு யாரோ ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு பழைய ஸ்பெல்லிங்கை எல்லாம் புதுசா மாத்திட்டாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா ரீப்ளேஸ் ஆல் ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுக்குள்ளயும் போகும். 1990கள்ல, 2000கள்ல வந்த பேப்பர் தலைப்புல எல்லாம் பேங்களூர்னு பழைய ஸ்பெல்லிங்லதான் அச்சாகியிருக்கு, அது இப்ப மாறிப்போச்சு. தலைப்புங்குறது அந்த ஆளு அன்னைக்கு எப்படிப் போட்டாரோ அப்படியேதான் இருக்கணும், நாம திருத்த உரிமை இல்ல, திருத்தினா தேடுறவங்களுக்கும் கிடைக்காது. ஜோட்டெரோ உருவாக்கின வரிகள் அடுத்த ரிஃப்ரெஷ்ல தானா பழைய தலைப்புக்குத் திரும்பிடுச்சு, ஏன்னா லைப்ரரியில இருக்குற ரெக்கார்டை யாரும் தொடல. லிஸ்ட்டோட கடைசியில, ஜோட்டெரோவுக்கு வெளியே கையால அடிச்சிருந்த வரிகள் திரும்பல. ஆக ஒரே லிஸ்ட்ல சில தலைப்பு பழைய ஸ்பெல்லிங், சில தலைப்பு போலி ஸ்பெல்லிங். மெட்ராஸ், பம்பாய்னு தலைப்பு இருக்குற பேப்பருக்கும் இதே கதைதான் நடக்கும்.

இதுல இருந்துதான் நான் எல்லார்கிட்டயும் கத்துறது ஒண்ணு: வேர்டுல தெரியுற லிஸ்ட்டைத் தொடாதீங்க, லைப்ரரியில இருக்குற ரெக்கார்டைத் திருத்துங்க. லிஸ்ட்ல கமா தப்பா இருக்கா, பேரு தலைகீழா இருக்கா, ஜர்னல் பேரு சுருங்கலையா, உடனே அந்த இடத்துல கர்சரை வெச்சு பேக்ஸ்பேஸ் அடிக்கத் தோணும். அடிச்சா அடுத்த ரிஃப்ரெஷ்ல போயிடும், இல்லன்னா ஸ்டைல் மாறும்போது போயிடும். ரெக்கார்டுல திருத்தினா அது எந்த ஸ்டைலுக்கும், எந்தப் பேப்பருக்கும், பின்னாடி தீசிஸுக்கும் கூடவே வரும்.

அதனால மூணு பேரோட ரெஃபரன்ஸையும் ஜோட்டெரோல ஒரே க்ரூப் லைப்ரரிக்குக் கொண்டு வந்தோம். ஜோட்டெரோ இலவசமா கொடுக்குற 300 எம்பி, பிடிஎஃப் மாதிரி அட்டாச்மெண்டுக்குத்தான், வெறும் ரெஃபரன்ஸ் ரெக்கார்டு எத்தனை வேணும்னாலும் வெச்சுக்கலாம், காசு செலவே இல்ல. மெண்டலில இருந்து எக்ஸ்போர்ட் பண்ணதை அப்படியே நம்பாம, டிஓஐ இருக்குற ஒவ்வொண்ணையும் ஜோட்டெரோல மேல இருக்குற மந்திரக்கோல் பட்டன்ல போட்டு புதுசா இறக்கினோம். பப்மெட் எண்ணான பிஎம்ஐடி, புத்தக எண்ணான ஐஎஸ்பிஎன் போட்டாலும் இறங்கும். பழைய பேப்பரோட டிஓஐ-க்குள்ள சில சமயம் அடைப்புக்குறி இருக்கும், மேல சொன்ன ராமச்சந்திரன் பேப்பரோட டிஓஐ-லயே 63-ங்குற எண் அடைப்புக்குறிக்குள்ளதான் இருக்கு. வாட்ஸ்அப்ல லிங்க்கா அனுப்புனா இந்த மாதிரி லிங்க் நடுவுல வெட்டுப்பட்டு உடைஞ்சு போகலாம், அதனால லிங்க்கை நம்பாம 10-ல ஆரம்பிக்கிற முழு எண்ணை காப்பி பண்ணி எடுத்துக்கோங்க. அப்புறம் டூப்ளிகேட்டை எல்லாம் மெர்ஜ் பண்ணோம். ஒரே பேப்பர் லைப்ரரியில ரெண்டு தடவை இருந்தா வான்கூவர்ல அதுக்கு ரெண்டு நம்பர் விழும், ரிவ்யூவர் முதல்ல பார்க்குறது அதைத்தான்.

இனி பேரு விஷயம். இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப மனசுல நின்னது இதுதான், ஏன்னா இது நம்ம ஆளுங்களுக்குன்னே வர்ற பிரச்சனை.

ரெஃபரன்ஸ் ஸ்டைல் எல்லாமே குடும்பப் பேரு ஒண்ணு, சொந்தப் பேரு ஒண்ணுன்னு ரெண்டு டப்பா இருக்கும்னு நினைச்சு செஞ்சது. நமக்கு அப்படி இல்ல. ராமச்சந்திரனுக்கு ஜி-ங்குறது கோபாலசமுத்திரம், ஊரு, என்-ங்குறது நாராயணன், அப்பா, ராமச்சந்திரன்தான் அவரு. எம்.எஸ்.சுவாமிநாதனுக்கு எம் மான்கொம்பு, எஸ் சாம்பசிவன். இவங்களை எல்லாம் ராமச்சந்திரன் ஜிஎன், சுவாமிநாதன் எம்எஸ்னு போட்டா கச்சிதமா பொருந்திடும், ஏன்னா இனிஷியல் முன்னாடி, பேரு பின்னாடி எழுதுற நம்ம பழக்கம் தற்செயலா அந்த ரெண்டு டப்பாவுக்குள்ளயும் ஒழுங்கா விழுது. சிக்கல் எப்ப வருதுன்னா, ஆன்லைன் சப்மிஷன் ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கட்டாயம்னு நிக்கும்போது. நம்ம பையன் இனிஷியலைத் தூக்கி அதுல போடுவான். அது அப்படியே பப்ளிஷர் கிட்ட இருந்து, டிஓஐ பதிவு வெச்சிருக்குற க்ராஸ்ரெஃபுக்குப் போகும், அங்க இருந்து உலகத்துல இருக்குற எல்லா ஜோட்டெரோவுக்கும் போகும், ஆள் வெறும் ரெண்டு எழுத்தா மாறிடுவாரு. இல்லன்னா பாஸ்போர்ட்ல இருக்குறபடி அப்பா பேரை லாஸ்ட் நேமா போடுவான், அப்ப பேப்பர் பூரா அப்பா பேர்ல போய் சேரும். மூணாவது வகை, செந்தில் குமார்னு நடுவுல இடம் விட்டு எழுதுறவங்க. எம்.செந்தில் குமார்னு இருந்தா சாஃப்ட்வேர் கடைசி வார்த்தையைப் புடிச்சு குமார் எம்எஸ்னு ஆக்கிடும், அதே ஆளு வேற பேப்பர்ல சேர்த்து எழுதியிருந்தா செந்தில்குமார் எம். ஏபிஏ லிஸ்ட்ல ஒருத்தரே கே-லயும் இருப்பாரு, எஸ்-லயும் இருப்பாரு.

இந்த மேனுஸ்கிரிப்ட்ல தம்பி தன்னோட முதல் பேப்பரை சைட் பண்ணியிருந்தாரு. லிஸ்ட்ல அது எங்க இருக்குன்னு கேட்டேன், தேடினாரு, கிடைக்கல. டிஓஐ-ஐ வெச்சுத் தேடினப்ப வந்துச்சு, ஆத்தர் இடத்துல ஒரு எழுத்து, ஒரு இடைவெளி, இன்னொரு எழுத்து. “என் பேப்பர்தான்க்கா, ஆனா என் பேரே இல்லையே”ன்னு சொல்றப்ப முகம் வாடிப்போச்சு. ஒரு மனுஷன் முதல் தடவை அச்சுல வந்திருக்கான், அவன் பேரு அவனுக்கே அடையாளம் தெரியலன்னா அதுக்கு மேல என்ன சொல்றது.

சரி, நாம சைட் பண்றப்ப என்ன செய்யணும்? நான் வெச்சிருக்குற வழக்கம் இது. ஆத்தர் பேர்ல சந்தேகம் வந்தா ரெக்கார்டை நம்பாம பிடிஎஃப்போட முதல் பக்கத்தைத் திறந்து பார்க்கணும். அங்க இனிஷியல் எது, பேரு எதுன்னு தமிழ் தெரிஞ்ச நமக்கு ஒரு பார்வையில தெரிஞ்சிடும், அமெரிக்காவுல இருக்குற காப்பி எடிட்டருக்குத் தெரியாது, நாம பண்ணலன்னா யாரும் பண்ண மாட்டாங்க. பிடிஎஃப்ல எப்படி அச்சாகியிருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி ஜோட்டெரோ ரெக்கார்டுல லாஸ்ட் நேம் டப்பாவுல பேரு, ஃபர்ஸ்ட் நேம் டப்பாவுல இனிஷியல். ஆனா பிடிஎஃப்லயே குமார் எம்எஸ்னு அவரே போட்டிருந்தா, நமக்கு ஆளைத் தெரியும்னு நாமளா மாத்தக்கூடாது, அவர் அந்தப் பேர்லதான் அந்தப் பேப்பரை வெளியிட்டிருக்காரு. இனிமே எழுதப் போறவங்க முதல் பேப்பருக்கு முன்னாடியே ஒரு வடிவத்தை முடிவு பண்ணிடுங்க, சேர்த்து எழுதுறதா இடம் விட்டு எழுதுறதா, இனிஷியல் ஒண்ணா ரெண்டா, லாஸ்ட் நேம் டப்பாவுல எதுன்னு. 2012-ல இருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஆர்கிட் ஐடின்னு 16 இலக்க எண் இருக்கு, இலவசம், அதுல வேற வடிவங்களையும் சேர்த்து வெச்சுக்கலாம், பேரு எப்படி எழுதினாலும் ஆள் ஒண்ணுதான்னு அந்த எண் சொல்லிடும்.

நிறுவனம் ஆத்தரா வந்தா வேற மாதிரி உடையும். உலக சுகாதார நிறுவனத்தோட ஆங்கிலப் பேரை ரெண்டு டப்பாவுல விட்டா ஆர்கனைசேஷன் டபிள்யூஹெச்னு ஒரு ஆளு உருவாகிடுவாரு. ஜோட்டெரோல பேருக்குப் பக்கத்துல சின்ன ஐகான் இருக்கும், ஒரே டப்பாவா மாத்துறதுக்கு, அதை அழுத்தினா போதும். டெங்கு பேப்பர்ல இந்த ரெஃபரன்ஸ் வராம இருக்கவே இருக்காது, அதனால முதல்ல இதைப் பாருங்க.

கொசு பேரு சாய்வெழுத்துல வரணும், ஏடிஸ் ஈஜிப்டி. ரெக்கார்டோட தலைப்பு டப்பாவுக்குள்ள சாய்வெழுத்துக்கான ஐ டேக் போட்டுட்டா எல்லா ஸ்டைல்லயும் தானா சாயும். தலைப்பை எப்பவும் சென்டன்ஸ் கேஸ்ல (முதல் வார்த்தைக்கும் பேருக்கும் மட்டும் பெரிய எழுத்து) வெச்சுக்கோங்க, அதுல இருந்து டைட்டில் கேஸுக்கு (முக்கிய வார்த்தைக்கெல்லாம் பெரிய எழுத்து) மாத்த சாஃப்ட்வேருக்குத் தெரியும், திருப்பி மாத்தச் சொன்னா எது ஊர்ப் பேரு எது சாதாரண வார்த்தைன்னு அதுக்குப் புரியாது. ஜர்னல் சுருக்கத்துக்கு டாக்குமெண்ட் ப்ரிஃபரன்சஸ்ல மெட்லைன் அப்ரிவியேஷன் டிக் இருக்கு. இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் தானா இந்தியன் ஜே மெட் ரெஸ் ஆயிடும், நேச்சர் மாதிரி ஒத்தை வார்த்தைப் பேரு சுருங்காது. ப்ளாஸ் ஒன் மாதிரி ஜர்னல்ல பக்க எண்ணே கிடையாது, இ-ல ஆரம்பிக்கிற ஆர்ட்டிகிள் எண்தான், பிடிஎஃப்ல 1 முதல் 12 வரைக்கும் பக்கம் ஓடுதுன்னு அதைப் போட்டிருந்தாங்க, எடுத்துட்டு எண்ணைப் போட்டோம்.

அடுத்து டேபிள். இதைப் பத்தி ஜர்னல்காரங்க மெயில்ல தனியா சொல்லல, ஆனா நம்பர் பொருந்தாததுக்கு மிச்ச காரணம் இதுதான். மேனுஸ்கிரிப்ட்ல டேபிள் எல்லாம் ஃபைலோட கடைசியில வெக்கச் சொல்லுவாங்க. இந்தப் பேப்பர்ல டேபிள் 2, மத்த ஊர்கள்ல நடந்த கொசுப்புழு ஆய்வுகளை ஒப்பிடுற டேபிள், அதுல மட்டுமே வர்ற ரெஃபரன்ஸ் வரிசையா இருக்கு. ஜோட்டெரோ ஃபைலை மேல இருந்து கீழதான் எண்ணும், அதனால அந்த ரெஃபரன்ஸ் எல்லாம் கடைசி நம்பரா விழுந்துச்சு. ஐசிஎம்ஜேஇ விதி வேற: டேபிள்ல மட்டும் வர்ற ரெஃபரன்ஸுக்கு, அந்த டேபிளை டெக்ஸ்ட்ல முதல்ல எங்க சொல்றோமோ அந்த இடத்தோட வரிசையில நம்பர் வரணும். ரிசல்ட்ஸ் பகுதியில டேபிள் 2-ஐப் பாருங்கன்னு சொன்ன இடத்துல 31 வரைக்கும் வந்திருந்தா, டேபிள் 2-க்குள்ள இருக்குறது 32-ல ஆரம்பிக்கணும், டிஸ்கஷன்ல வர்ற புது ரெஃபரன்ஸ் அதுக்கு அப்புறம்தான்.

இதுக்கு நான் செய்றது: எழுதி முடியுற வரைக்கும் டேபிளை அதைச் சொல்ற பாராவுக்குக் கீழேயே வெச்சுக்கோங்க. நம்பர் எல்லாம் ஒழுங்கா விழும். சப்மிட் பண்ற அன்னைக்கு ஃபைலை வேற பேர்ல ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில மட்டும் அன்லிங்க் சைட்டேஷன்ஸ் கொடுத்து வெறும் எழுத்தாக்கி, அப்புறம் டேபிளை வெட்டி கடைசியில ஒட்டுங்க. அன்லிங்க் பண்ணிட்டா திரும்ப உயிர் வராது, அதனால மூலக் காப்பி பத்திரம். ரிவிஷன் வரும்போது அந்த மூலத்துலதான் வேலை செய்யணும், சப்மிட் பண்ண காப்பியில இல்ல.

கடைசியா ஒரு ரெஃபரன்ஸ். எவ்வளவு தேடியும் கிடைக்காத ஒண்ணு. தலைப்பு நம்புற மாதிரி இருக்கு, ஜர்னல் நிஜமான ஜர்னல், வருஷமும் வால்யூமும் பொருந்துது. அந்த வால்யூமைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனா அங்க வேற யாரோ வேற எதையோ பத்தி எழுதினது இருக்கு. டிஓஐ-ஐப் போட்டா மூணாவதா ஒரு பேப்பர் வருது. விசாரிச்சதுல, டிஸ்கஷன்ல ஒரு வாக்கியத்துக்கு ஆதாரம் வேணும்னு ஏஐ சாட் டூல்கிட்ட கேட்டு வாங்கினதுன்னு தெரிஞ்சுது. அப்படி ஒரு பேப்பரே உலகத்துல இல்ல. 2023-ல நியூயார்க்ல இதே மாதிரி இல்லாத தீர்ப்புகளை மனுவுல சேர்த்த வக்கீல்களுக்கு கோர்ட் 5,000 டாலர் அபராதம் போட்டுச்சு, பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. ஆராய்ச்சியில அபராதம் பணமா வராது, பேப்பரை வாபஸ் வாங்குற நிலைமையா வரும்.

ஏஐ வர்றதுக்கு முன்னாடியும் இது இருந்துச்சு. ஒரு பெரிய பப்ளிஷரோட ஆத்தர் வழிகாட்டியில ரெஃபரன்ஸ் எப்படி எழுதணும்னு காட்டுறதுக்காக வான் டெர் கீர்னு ஒரு ஆத்தரைப் போட்டு, அறிவியல் கட்டுரை எழுதுறதைப் பத்தின ஒரு பேப்பரைக் கற்பனையா உருவாக்கி வெச்சிருந்தாங்க. மாதிரிக்கு வெச்ச அந்த வரியை எழுதுறவங்க அழிக்காம விட்டதால, அது நிஜப் பேப்பர்கள்ல கிட்டத்தட்ட 400 தடவை ரெஃபரன்ஸா வந்திருக்குறதை 2017-ல ஆன்-வில் ஹார்சிங் எழுதினாங்க. அதுக்கும் முன்னாடி, 2003-ல சிம்கின், ராய்சௌத்ரின்னு ரெண்டு பேரு ஒரு பிரபலமான பேப்பரை சைட் பண்ணவங்க ரெஃபரன்ஸ் விவரத்துல பண்ண பிழைகளை எண்ணினாங்க. 196 பிழையில ஒரே பிழை 78 தடவை திரும்பத் திரும்ப வந்திருந்துச்சு. தனித்தனியா எல்லாரும் அதே தப்பைப் பண்ண முடியாது, ஒருத்தர் லிஸ்ட்ல இருந்து இன்னொருத்தர் காப்பி அடிச்சாதான் அப்படி வரும். மூலத்தைப் படிச்சு சைட் பண்றவங்க 20 சதவீதம்தான் இருப்பாங்கன்னு அவங்க கணக்குப் போட்டாங்க. இந்த லிஸ்ட்லயும் வேற பேப்பர்ல இருந்து எடுத்த வரிகள்ல பக்க எண் தப்பு இருந்துச்சு, அதை டிஓஐ வெச்சு இறக்கினப்பவே சரியாயிடுச்சு.

இல்லாத பேப்பரை மட்டும் சாஃப்ட்வேர் சரி பண்ணாது. அந்த இடத்துல வேற ரெஃபரன்ஸ் தேடி ஒட்டலாமான்னு தம்பி கேட்டாரு. நான் வேணாம்னேன். ஆதாரம் இல்லாம எழுதின வாக்கியத்துக்கு அப்புறமா ஆதாரம் தேடுறது தலைகீழ் வேலை. மேடம் அந்த வாக்கியத்தைப் படிச்சுப் பார்த்துட்டு, தங்களோட டேட்டா அதைச் சொல்லவே இல்லன்னு வாக்கியத்தையே எடுத்துட்டாங்க. போஸ்ட்டாக் அக்கா மிச்ச ரெஃபரன்ஸையும் ஒவ்வொண்ணா திறந்து, நாம சொல்ற விஷயம் அதுல நிஜமாவே இருக்கான்னு பார்த்துக் கொடுத்தாங்க. ரிட்ராக்ட் ஆன, அதாவது வாபஸ் வாங்கின பேப்பர் ஏதாவது இருந்தா ஜோட்டெரோவே சிவப்புல எச்சரிக்கும், இதுல எதுவும் இல்ல.

அந்த நேரத்துல மேடம் ஒரு கேள்வி கேட்டாங்க, நியாயமான கேள்வி: சில ஜர்னல் முதல் சப்மிஷனுக்கு எந்த ஃபார்மட்ல வேணும்னாலும் அனுப்புன்னு சொல்றாங்களே, எல்சவியர்ல கூட யுவர் பேப்பர் யுவர் வேன்னு இருக்கே, அப்ப எதுக்கு இவ்வளவு பாடு? அங்க அனுப்புறதா இருந்தா ஸ்டைலுக்காக ராத்திரி கண் முழிக்க வேணாம்தான், அந்த ஜர்னலோட ஆத்தர் கைடுலைன்ஸை முதல்ல படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. ஆனா பேரு தப்பு, இல்லாத பேப்பர், பொருந்தாத நம்பர், இதெல்லாம் எந்த ஜர்னலா இருந்தாலும் தப்புதான், அக்செப்ட் ஆனா எப்படியும் ஃபார்மட் கேப்பாங்க.

மாநகராட்சி அறிக்கை ஒண்ணு வெப்சைட்ல இருந்து எடுத்தது, லிங்க் செத்துப் போயிருந்துச்சு. வெப் பக்கங்களைச் சேமிச்சு வெக்கிற வேபேக் மெஷின்ல பழைய காப்பி கிடைச்சுது, அந்த ஆர்கைவ் லிங்க்கையும் பார்த்த தேதியையும் போட்டோம். அரசு அறிக்கை எதை சைட் பண்ணாலும் பார்த்த அன்னைக்கே வேபேக்ல சேவ் பண்ணி வெச்சிடுங்க.

திருத்தின ஃபைல் போச்சு, டெக்னிக்கல் செக் தாண்டிச்சு, ரிவ்யூவுக்கும் போச்சு. ரிவ்யூவர் ஒருத்தர் இன்ட்ரொடக்ஷன்லயே புதுசா சில ரெஃபரன்ஸ் சேர்க்கச் சொன்னாரு, அதாவது அதுக்கப்புறம் வர்ற எல்லா நம்பரும் நகரணும். தம்பி மூலக் காப்பியைத் திறந்து சேர்த்தாரு, ரிஃப்ரெஷ் கொடுத்தாரு, டேபிள் 2-ஐ மட்டும் என்கூட போன்ல இருந்துக்கிட்டே ஒவ்வொரு வரியா சரிபார்த்தாரு. அவரோட முதல் பேப்பர்ல இருக்குற பேருக்காக அந்த ஜர்னலோட பப்ளிஷருக்கு மேடம் கையெழுத்தோட மெயில் போட்டிருக்கோம், க்ராஸ்ரெஃப்ல மெட்டாடேட்டாவை, அதாவது பேப்பரோட பேரு விவரத்தை, திருத்திக் கொடுங்கன்னு, அது பப்ளிஷரால மட்டும்தான் முடியும். பதில் இன்னும் வரல. வர்ற வரைக்கும் லேப் லைப்ரரியில மட்டும் அவரு பேரு சரியா இருக்கு.